கரண்ட் போனாலும் கணக்கு போகாத பில் கவுண்டர்

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் என்று பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் தமிழ் பேசும் ஊர்களில் சிறிய சூப்பர் மார்க்கெட் நடத்துகிறவர்களுக்கும், புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எங்கள் கடையில் இரண்டு பில் கவுண்டர்கள் இருக்கின்றன. கோடையில் தோட்டத்து மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். ஜூன் மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று தென்னை மட்டையைக் கம்பியின் மேல் தள்ளும். ஐப்பசியில், மலையாளிகள் துலாவர்ஷம் என்று சொல்லும் மழைக்காலத்தில், சாயங்காலம் இடி இடித்தாலே விளக்கு அணையும். சாயங்காலம்தான் கடையில் கூட்டமும் இருக்கும்.

கரண்ட் போனதும் கடைக்காரர் மனத்தில் முதலில் தோன்றும் அச்சம் திருட்டைப் பற்றியதுதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிறகு ஒவ்வொரு மின்தடைக்குப் பின்னும் சரக்கையும் பணத்தையும் ஒத்துப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவந்தபோது, குறைந்த பணத்தில் பெரும்பகுதி எங்கள் கை மறதியால் போனது என்று தெரியவந்தது. பாதி ஸ்கேன் ஆன பில் அழிந்துபோயிருக்கும். எடை போட்டுக் கொடுத்த பொருளை எழுதாமல் விட்டிருப்போம். பணம் வந்து சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பியிருப்போம். வாடிக்கையாளரில் மிகப் பெரும்பாலோர் சரியான தொகையைக் கொடுக்கத்தான் நிற்கிறார்கள். அந்தச் சரியான தொகை எது என்பதை இருட்டிலும் நாம் சொல்ல முடிய வேண்டும். இங்கே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் அதற்காகத்தான்.

மின்சாரம் நின்ற அந்த நொடி

கணினியின் உள்ளே இருக்கும் மின்வழங்கி, வெளியே கரண்ட் நின்ற பிறகு ஏறத்தாழ 10 முதல் 20 மில்லி விநாடி வரைதான் தாக்குப்பிடிக்கும். அதற்குள் பேட்டரி கைகொடுக்காவிட்டால் கணினி அணைந்து மறுபடி முதலிலிருந்து எழும்பும். வீட்டு இன்வெர்ட்டரைக் கடையில் வைத்துவிட்டு, "இன்வெர்ட்டர் இருந்தும் கம்ப்யூட்டர் ஆஃப் ஆகிறதே" என்று வருந்துகிறவர்கள் உண்டு. பல இன்வெர்ட்டர்களின் பின்புறத்தில் சாதாரண மோட், யுபிஎஸ் மோட் என்று ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். சாதாரண மோடில் மாறும் நேரம் மின்விசிறிக்குப் போதும், கணினிக்குப் போதாது. முதலில் அந்தச் சுவிட்சைப் பாருங்கள். அப்போதும் கணினி அணைந்தால், இன்வெர்ட்டருக்குப் பின்னால் ஒவ்வொரு கவுண்டருக்கும் ஒரு சிறிய லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ் வைத்துவிடுங்கள். அது சில மில்லி விநாடியில் மாறிவிடும். வோல்டேஜ் ஏறி இறங்குவதையும் ஓரளவு சரிசெய்து கொடுக்கும். இன்வெர்ட்டர், லைன் கரண்ட்டைப் போலவே சீரான அலையாக மின்சாரம் கொடுக்கும் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைக் கடைக்காரரே கணக்குப் போட்டுவிடலாம். 600 விஏ யுபிஎஸ்ஸின் உள்ளே பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று இருக்கும். பெருக்கினால் 84 வாட்-அவர். கணினி, திரை, பில் பிரின்டர், ஸ்கேனர் எல்லாம் சேர்ந்து 100 வாட் இழுத்தால், இழப்புகள் போகப் புதிய பேட்டரியிலேயே அரைமணி நேரத்துக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். இரண்டு வருடம் ஓடிய பேட்டரியில் அதில் பாதியை எதிர்பார்க்கலாம். இன்வெர்ட்டரோடு வைக்கும் 12 வோல்ட் 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி என்றால் 1800 வாட்-அவர். இரண்டு கவுண்டரும் சில விளக்குகளும் சேர்ந்து 300 வாட் என்று வைத்தால், பேட்டரி நல்ல நிலையில் இருக்கும்வரை ஏறத்தாழ 4 மணி நேரம் தாங்கும். டிஸ்டில்ட் வாட்டர் மட்டம் இறங்காமல் மாதம் ஒருமுறை பார்த்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

எதை யுபிஎஸ்ஸில் இணைப்பது, எதை இணைக்கக் கூடாது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஃப்ரீசரையும் லேசர் பிரின்டரையும் ஒருபோதும் இணைக்காதீர்கள். அவை ஓடத் தொடங்கும்போது இழுக்கும் மின்சாரத்தில் யுபிஎஸ் கத்திக்கொண்டு நின்றுவிடும். ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் மறக்காமல் இணையுங்கள். முதல் ஒரு வருடம் நாங்கள் இதை மறந்திருந்தோம்: கவுண்டர்கள் இரண்டும் வெளிச்சமாக இருக்கும், மாடிப்படியின் அடியில் இருந்த ரவுட்டர் மட்டும் அணைந்திருக்கும், இரண்டாவது கவுண்டர் முதல் கவுண்டரின் கணினியைத் தேடிக்கொண்டே நின்றுவிடும். அந்தப் பெட்டிகளுக்கென்றே 12 வோல்ட் கொடுக்கும் சிறிய யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். சிறிய ஜெனரேட்டரின் ஓட்டம் சீராக இல்லாதபோது அதன் ஃபிரீக்வென்சி ஏறி இறங்கும். யுபிஎஸ் அந்த மின்சாரத்தை ஏற்காமல் பேட்டரியிலேயே ஓடிக் காலியாகும். ஜெனரேட்டர் ஓடும்போதும் யுபிஎஸ் பீப் அடித்துக்கொண்டே இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. மெக்கானிக்கிடம், எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பில்லிங் மென்பொருளைப் பற்றி விற்க வருபவர் நிறையச் சொல்வார். நான் ஒன்றே ஒன்றைச் செய்து காட்டச் சொல்வேன். பதினைந்து பொருள்களை ஸ்கேன் செய்துவிட்டு, பில் முடியும் முன் கணினியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்க வேண்டும். திரும்ப எழும்பியதும் பதினைந்தும் திரையில் இருந்தால் அந்த மென்பொருள் ஒவ்வொரு ஸ்கேனையும் உடனுக்குடன் டிஸ்க்கில் எழுதுகிறது என்று பொருள். நல்ல தரவுத்தளம், செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் கணக்கில் ஏற்றும். நடுவில் மின்சாரம் நின்றால் அந்தப் பதிவேட்டைப் பார்த்து, முடிந்த வேலையை ஏற்றிக்கொண்டு முடியாததைத் தள்ளிவிடும். அதனால் ஒரு பில் முழுதாக இருக்கும், அல்லது இல்லவே இருக்காது. பணம் பதிவாகிச் சரக்கு குறையாத அரைகுறை பில் உண்டாகாது. இணையம் இல்லாமல் பில் போடவே முடியாத மென்பொருளை எங்கள் பகுதிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கல்லாப் பெட்டியின் சாவி

பணப்பெட்டி தானாகத் திறப்பதில்லை. பில் அச்சாகும்போது பிரின்டரிலிருந்து ஒரு மெல்லிய கேபிள் வழியாக மின்துடிப்பு போய், பெட்டிக்குள் இருக்கும் காந்தக் கொக்கியை இழுக்கிறது. பிரின்டருக்கு மின்சாரம் இல்லையென்றால் பெட்டி திறக்காது. 500 ரூபாய் நோட்டை நீட்டிய வாடிக்கையாளர் மீதிக்காக நிற்க, சாவி முதலாளி வீட்டில் இருக்கும். சாவியைக் கவுண்டர் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

கொடுக்கும்போது ஒரு பழைய செய்தியையும் நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்காவின் டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி, தன் ஆட்கள் கல்லாவிலிருந்து பணம் எடுப்பதைத் தடுக்க வழி தேடி, 1879-இல் முதல் பணப்பதிவு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வகை இயந்திரங்களில் பிறகு வந்த மணியோசை, பெட்டி திறந்தது என்பதை எல்லாருக்கும் அறிவித்தது. இன்றைய மென்பொருளும் விற்பனை இல்லாமல் பெட்டி திறந்தால் நேரத்தோடு குறித்துக்கொள்கிறது. சாவியால் திறக்கும்போது அந்தக் குறிப்பு இல்லாமல் போகிறது. ஆகவே ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காகிதப் பில்லின் எண்ணைப் பெட்டியின் மேல் ஒட்டிய தாளில் எழுதச் சொல்லுங்கள். கவுண்டரில் வேலை செய்யும் பெண்களின் மேல் சந்தேகப்பட்டு இதைச் செய்யச் சொல்லவில்லை. இரவில் பணம் 300 ரூபாய் குறைந்தால், அந்தத் தாள்தான் அவர்களைப் பழியிலிருந்து காக்கும்.

காகிதப் பில்

யுபிஎஸ்ஸும் தீர்ந்த பிறகு காகிதம்தான். கார்பன் நகல் வைத்த, எண் அச்சிட்ட பில் புத்தகம் ஒவ்வொரு கவுண்டரின் இழுப்பறையிலும் ஒன்று இருக்க வேண்டும். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் தொடர்ச்சியாக, 16 எழுத்துகளுக்கு மிகாமல் இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ளலாம். அதனால் கையெழுத்துப் பில்லுக்கென்று தனி வரிசை வைத்துவிடுங்கள். பதிவு பெறாத வாடிக்கையாளர் 200 ரூபாய்க்குக் குறைவாக வாங்கி, பில்லும் கேட்கவில்லை என்றால், அப்படிப்பட்ட விற்பனைகளுக்கெல்லாம் சேர்த்து நாள் முடிவில் ஒரே பில் போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஒரு பாக்கெட் பாலுக்கும் இரண்டு பன்னுக்கும் டார்ச் வெளிச்சத்தில் முழுப் பில் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் பொருளையும் தொகையையும் ஒரு வரியில் குறித்தே ஆக வேண்டும்.

இனி எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்கிறேன். கவுண்டரில் தமிழ்ப் பெண் ஒருவரும் மலையாளப் பெண் ஒருவரும் வேலை செய்கிறார்கள். ஒரு நாள் மின்தடையில் தமிழ்ப் பெண் கையெழுத்துப் பில்லில் "சர்க்கரை 2 கிலோ" என்று எழுதினார். கரண்ட் வந்த பிறகு அதைக் கணினியில் ஏற்றியவர் மலையாளப் பெண். அவருக்குச் சர்க்கரை என்றால் வெல்லம்; நாம் சர்க்கரை என்று சொல்வது அவருக்குப் பஞ்சசாரை. நாம் வெல்லம் என்று சொன்னால் அவர் காதில் அது, மலையாளத்தில் தண்ணீரைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலிக்கும். வெல்லத்தின் விலை வேறு, வரி வேறு, இருப்புக் கணக்கும் வேறு. மாதக் கடைசியில் மூட்டையில் சர்க்கரை கணக்கைவிட இரண்டு கிலோ குறைவாகவும் வெல்லம் இரண்டு கிலோ கூடுதலாகவும் நின்றபோது, யாரோ மூட்டையில் கை வைத்துவிட்டார்கள் என்று நான் இரண்டு நாள் மனம் புழுங்கினேன். நகல் தாளைப் புரட்டிய பிறகுதான் உண்மை தெரிந்தது.

அன்றிலிருந்து எங்கள் கையெழுத்துப் பில்லில் பெயர் எழுதுவதில்லை, எண்தான் எழுதுகிறோம். பார்கோடில் இருக்கும் 13 இலக்கங்களையும் எழுதச் சொன்னால் யாராலும் முடியாது. அதற்குப் பதிலாக, அதிகம் விற்கும் இருநூறு பொருள்களுக்கு மூன்று இலக்க எண் கொடுத்து, அட்டையில் ஒட்டி, கவுண்டரில் தொங்கவிட்டிருக்கிறோம். 101 என்றால் சர்க்கரை, 102 என்றால் வெல்லம். அட்டையில் தமிழிலும் மலையாளத்திலும் பெயர் இருக்கும். பட்டியலில் இல்லாத பாக்கெட்டுகளுக்குப் பார்கோடின் கடைசி ஆறு இலக்கங்களையும் எம்ஆர்பி-யையும் எழுதினால், பிறகு கண்டுபிடிக்கப் போதும். அந்த 13 இலக்கங்களில் கடைசியானது சரிபார்ப்பு இலக்கம். முன்னால் உள்ள பன்னிரண்டையும் ஒன்றுவிட்டு ஒன்றாக ஒன்றாலும் மூன்றாலும் பெருக்கிக் கூட்டி, அந்தத் தொகை பத்தின் மடங்காக இன்னும் எவ்வளவு வேண்டுமோ அதுவே அந்த இலக்கம். அதனால்தான் முழு எண்ணையும் கையால் கணினியில் தட்டும்போது ஓர் இலக்கம் தவறினால் மென்பொருள் உடனே மறுத்துவிடுகிறது.

தராசுகள் பலவற்றில் உள்ளேயே பேட்டரி இருக்கிறது. வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். எடை போட்டு லேபிள் ஒட்டும் பொருள்களின் பார்கோடு பெரும்பாலும் 2 என்று தொடங்கும். அதற்குள் எடையோ விலையோ அடங்கியிருக்கும். லேபிள் ஒட்டிய பிறகு கரண்ட் போனால் அதில் அச்சான தொகையைப் பார்த்து எழுதினால் போதும்.

இதில் கடைக்காரரின் நேர்மையும் அடங்கியிருக்கிறது. தள்ளுபடி விலைகள் கணினிக்குள் இருக்கின்றன. பாக்கெட்டின் மேல் எம்ஆர்பி மட்டுமே இருக்கிறது. இருட்டில் எம்ஆர்பி-யையே வாங்கிவிடுவது எளிது, சட்டப்படியும் தவறில்லை என்று தோன்றும். ஆனால் அலமாரியில் 92 ரூபாய் என்று நாமே எழுதி ஒட்டிவிட்டு, கரண்ட் போன காரணத்தால் 105 ரூபாய் வாங்கினால், வாடிக்கையாளர் அதை மறக்க மாட்டார், நாமும் மறக்கக் கூடாது. தள்ளுபடி மாறும் ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டியலை ஒரு தாளில் அச்சிட்டு எண் அட்டையின் பின்புறம் ஒட்டிவையுங்கள்.

கைப்பேசிப் பணம்

யுபிஐ வந்த பிறகு மின்தடையில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. பணம் வந்ததைக் குரலில் சொல்லும், கவுண்டரில் இருக்கும் சவுண்ட் பாக்ஸுக்குச் சொந்தமாகச் சிம்மும் பேட்டரியும் உண்டு. கடையின் ரவுட்டர் அணைந்தாலும் அது பேசும், இரவில் சார்ஜ் போட்டிருந்தால். ஆனால் மின்தடை நீண்டு, அந்தப் பகுதியின் டவர் பேட்டரியும் தளர்ந்தால், பாக்ஸ் மௌனமாகிவிடும். வாடிக்கையாளர் கைப்பேசியில் பச்சை நிறத்தில் டிக் தெரியும். நமக்கு ஒலி வராது. போலியாக அப்படி ஒரு திரையைக் காட்டும் செயலிகள் இருப்பதால் ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரமாக எடுத்துக்கொள்ளவும் முடியாது.

ஒரு சாயங்காலம் 640 ரூபாய்க்குப் பொருள் வாங்கிய பையன் ஒருவன் பணம் போய்விட்டது என்று காட்டினான். பாக்ஸ் பேசவில்லை. வரிசையில் எட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான் குரலை உயர்த்தி, பையைக் கீழே வைக்கச் சொன்னேன். அவன் முகம் சுண்டிப்போய், பையை வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனான். இருபது நிமிடம் கழித்து, யாரும் இல்லாத நேரத்தில், பாக்ஸ் 640 ரூபாய் வந்ததாகச் சொன்னது. அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்குகிறது. மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா வாசலில் நின்று, "அவன் நேத்து ராத்திரி சாப்பிடலைங்க" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அதனால் இப்போது எங்கள் கடையில் உள்ள முறையைச் சொல்கிறேன். பாக்ஸ் பேசாவிட்டால் வேறு நிறுவனத்தின் சிம் உள்ள இரண்டாவது கைப்பேசியில் வணிகர் செயலியைத் திறந்து பார்ப்போம். அதிலும் வராவிட்டால், வாடிக்கையாளரின் திரையில் உள்ள 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் காகிதப் பில்லில் எழுதிக்கொள்வோம். வங்கி பணத்தைச் செலுத்தியிருந்தால் அந்த எண் நம் பக்கத்துக் கணக்கிலும் வந்து நிற்கும். தெரிந்த முகம் என்றால் பையோடு அனுப்பிவிடுவோம். எல்லை தாண்டிக் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வந்த புதியவர் என்றால், "கொஞ்சம் உட்காருங்க, நெட்வொர்க் இல்லை, எங்களுக்குத் தெரிஞ்சதும் கொடுத்துடறோம்" என்று நாற்காலி போடுவோம். குறை நம் கருவியில் இருக்கிறது என்று நாமே முதலில் சொல்லிவிட்டால், நேர்மையானவர் அவமானப்பட மாட்டார். ஏமாற்ற வந்தவரும் சண்டைக்குக் காரணம் கிடைக்காமல் நிற்பார். தொகையை வாடிக்கையாளர் தட்டும் நிலையான கியூஆர் அட்டையைவிட, பில் தொகையோடு திரையில் தோன்றும் கியூஆர் நல்லது. மின்சாரம் இல்லாதபோது அட்டைதான் இருக்கும் என்பதால், அவர் தட்டும் தொகையைக் கவுண்டரில் இருப்பவர் வாய்விட்டுப் படிக்கப் பழக்குங்கள்.

இருட்டில் வரிசைகள்

அலமாரி வரிசை ஒவ்வொன்றின் முனையிலும் தானாக எரியும் எமர்ஜென்சி விளக்கு ஒன்று போதும். ஷட்டரை இறக்காதீர்கள், இறக்கினால் உள்ளே இருப்பவர்கள் அடைபட்டது போல அஞ்சுவார்கள். வாசலில் நின்று பையைத் திறந்து பார்ப்பதையும் நான் செய்வதில்லை. கடை ஆள் ஒருவர் டார்ச்சோடு நடந்து, "என்ன வேணும் சேச்சி, எடுத்துத் தரட்டுமா" என்று கேட்டுக்கொண்டே போனால், உதவியும் காவலும் ஒரே நடையில் நடந்துவிடும்.

வாசலில் எச்சரிக்கை மணி அடிக்கும் நிலைக்கதவு வைத்தவர்கள் அதையும் யுபிஎஸ்ஸில் இணைக்க வேண்டும். 8.2 மெகாஹெர்ட்ஸ் அல்லது 58 கிலோஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, பொருளில் ஒட்டிய டேக் அதற்குப் பதில் கொடுக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. மின்சாரம் இல்லாவிட்டால் அது வெறும் சட்டம். வாடிக்கையாளரே பில் போட்டுக்கொள்ளும் செல்ஃப் செக்அவுட் இயந்திரத்தை எங்கள் அளவுக் கடைக்கு நான் சொல்ல மாட்டேன். பையின் எடையைப் பார்த்துப் பொருளைச் சரிபார்க்கும் அந்த இயந்திரம், வோல்டேஜ் தடுமாறினால் ஒழுங்காக இருப்பவரையே நிறுத்தி ஆளைக் கூப்பிடும். இங்கிலாந்தின் பூத்ஸ் நிறுவனம் 2023-இல் தன் கடைகளில் பெரும்பாலானவற்றிலிருந்து அவற்றை எடுத்துவிட்டு, கவுண்டரில் மறுபடி ஆட்களை வைத்தது.

கரண்ட் வந்த பிறகு

மின்சாரம் திரும்பிய உடனே எல்லாவற்றையும் போடாதீர்கள். முதல் சில நிமிடங்கள் வோல்டேஜ் நிலையாக இருக்காது; ஃப்ரீசர் கம்ப்ரஸருக்கும் மூன்று நிமிட ஓய்வு வேண்டும். இடி மழை நாளில் பிளக்கைப் பிடுங்கியிருந்தால், இடி ஓய்ந்த பிறகே திரும்ப மாட்டுங்கள். கம்பி அறுந்து கிடப்பதைப் பார்த்தால் மின்வாரியத்தின் 1912 என்ற எண்ணுக்குச் சொல்லிவிட்டு, வாடிக்கையாளரை அந்தப் பக்கம் போக விடாதீர்கள்.

பிறகு காகிதப் பில்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஒருவர் படிக்க ஒருவர் தட்டினால் தவறு குறையும். கையெழுத்து வரிசையின் எண்ணிலேயே ஏற்றுங்கள். கணினி வரிசையில் புதிய எண் விழுந்தால் ஒரே விற்பனைக்கு இரண்டு பில்லும் இரண்டு மடங்கு வரியும் கணக்கில் நிற்கும். ஏற்றி முடித்த நகலின் மூலையில் ஒரு கோடு போட்டு, கல்லா எண்ணிய தாளோடு பின் குத்தி வையுங்கள்.

ஏற்றும்போது சில பில்களில் வாடிக்கையாளரிடம் கூடுதலாக வாங்கியது தெரியவரும். கூட்டலில் பிழை இருக்கும், அல்லது தள்ளுபடி விட்டுப்போயிருக்கும். அதற்கு எங்களிடம் ஒரு தனி நோட்டு இருக்கிறது. பெயர் தெரிந்தால் பெயர், தெரியாவிட்டால் அடையாளம், தொகை, தேதி. "மஞ்சள் குடை, மருமகளோடு வருவார், 13 ரூபாய்" என்று போன மாதம் எழுதியது. அவர் நேற்று வந்தார். 13 ரூபாயைக் கொடுத்துக் கோடு போட்டோம்.